குடியரசு தினத்துக்கு டெல்லி: 23, 26, 28, 29 – எந்த நாளுக்கு வருவது?

கடமைப் பாதையில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க ஓர் ஆளுக்கு டிக்கெட் 20 ரூபாய். சற்று நல்ல இடம் வேண்டுமென்றால் 100 ரூபாய். சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா குடும்பத்தோடு திருச்சியிலிருந்து வந்து, அந்த 20 ரூபாய் டிக்கெட்டில் அணிவகுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். ஊருக்குப் போனதும் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். நான்கு பேருக்கும் சேர்த்து நாற்பத்தையாயிரம் ஆகியிருக்கிறது. அதில் அணிவகுப்புக்கான செலவு 80 ரூபாய். மிச்சமெல்லாம் ரயில், விடுதி, ஆட்டோ, கரோல் பாகில் அவசரத்துக்கு வாங்கிய நான்கு ஸ்வெட்டர்கள். "வந்ததில் வருத்தமில்லை. ஆனால் இருபத்தாறாம் தேதியைத்தான் பார்க்க வேண்டுமா, வேறு நாளும் உண்டா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்றார் தொலைபேசியில். யாரும் என்றது டெல்லியில் இருக்கும் என்னைத்தான்.

அன்றிலிருந்து, கார்த்திகை மாதத்தில் யார் கேட்டாலும் நான் நான்கு தேதிகளைச் சொல்கிறேன். ஜனவரி 23 முழு ஒத்திகை. 26 அணிவகுப்பு. 28 பாசறை திரும்பும் நிகழ்ச்சியின், அதாவது படைகளின் இசைக்குழுக்கள் மாலையில் வாசிக்கும் விழாவின், ஒத்திகை. 29 அந்த நிகழ்ச்சியே. இவை போக, டிக்கெட்டே வேண்டாத இரண்டு மூன்று வழிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உங்களுக்கு வேண்டியது சடங்கா, காட்சியா, இசையா என்பது. சடங்கு என்றால் குடியரசுத் தலைவர் வந்து இறங்குவது, கொடி ஏறுவது, தேசிய கீதம், 21 பீரங்கி முழக்கம். காட்சி என்றால் அணிகள், டாங்குகள், அலங்கார ஊர்திகள், விமானங்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். சடங்கு 26 அன்று மட்டுமே நடக்கும். காட்சி வேறு நாள்களிலும் கிடைக்கும்.

இரண்டாவது, டிக்கெட் கிடைப்பதில் இருக்கும் நிச்சயம். மூன்றாவது, உடல். டெல்லி ஜனவரியில் விடியற்காலை வெப்பநிலை ஒற்றை இலக்கத்தில் இருக்கும். அந்தக் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டுமென்றால் முழங்கால் வலி உள்ளவர்களும் ஐந்து வயதுக் குழந்தைகளும் படும் பாடு தனி. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. ஐந்தாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: இவ்வளவு தூரம் வந்த பிறகு டெல்லியில் வேறு எதைப் பார்க்க முடியும், அந்த வாரத்தில் எதெது மூடியிருக்கும் என்பது.

## ரயிலுக்கு 60 நாள், அணிவகுப்புக்கு மூன்று வாரம்

எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஜனவரி 21 அன்று ஏற வேண்டுமென்றால், நவம்பர் 22 வாக்கில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பொங்கல் முடிந்து திரும்பும் கூட்டமும் அதே வண்டிகளுக்குத்தான் நிற்கும். ஆனால் அணிவகுப்பு டிக்கெட் விற்பனை ஜனவரியில்தான் தொடங்குகிறது. 2025இல் ஜனவரி 2 முதல் 11 வரை விற்றார்கள். 2026இல் 5 முதல் 14 வரை. பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஆமந்த்ரண்' இணையதளத்தில் தினமும் காலை 9 மணிக்கு அன்றைய ஒதுக்கீடு திறக்கும், தீர்ந்ததும் மூடிவிடும். டெல்லியில் இருப்பவர்கள் சேனா பவன், சாஸ்திரி பவன், ஜந்தர் மந்தர், ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையம் ஆகிய இடங்களில் வரிசையில் நின்றும் வாங்கலாம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆக, பயணத்துக்குப் பணம் கட்டி ஒன்றரை மாதம் கழித்துத்தான், எதற்காக அந்தப் பயணமோ அது கிடைக்குமா என்று தெரியவரும். இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒரே ஒரு நிகழ்ச்சியை நம்பி ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். 22 முதல் 27 வரை தங்கினால் 23, 26 இரண்டில் ஒன்றாவது கையில் இருக்கும். 26 முதல் 30 வரை என்றால் 28, 29 இருக்கிறது.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2024, 2025 ஆண்டுகளில் ஜனவரி 19 முதல் 26 வரை தினமும் காலை 10.20 முதல் 12.45 வரை டெல்லி விமான நிலையத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் முடியாதபடி வான்வெளியை மூடினார்கள். காலை விமானங்களின் நேரம் இதனால் மாறும். பனிமூட்டத்தால் ஆகும் தாமதம் தனிக்கணக்கு. ரயிலும் அப்படித்தான், ஆக்ராவைத் தாண்டினால் பனி எப்போது வழிவிடும் என்று யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை வந்து சேரும்படி திட்டமிட்டால் அந்தத் திட்டம் பனியின் தயவில் நிற்கும். ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

## ஜனவரி 26: அணிவகுப்பு

1950இல் முதல் அணிவகுப்பு நடந்தது இர்வின் மைதானத்தில், இப்போதைய தேசிய விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில். அன்றைய சிறப்பு விருந்தினர் இந்தோனேசியாவின் சுகர்னோ. எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2025இல் வந்தவரும் இந்தோனேசிய அதிபரே, பிரபோவோ. முதல் சில ஆண்டுகள் இடம் மாறி மாறி நடந்த அணிவகுப்பு, 1955 முதல் ராஜபாதையில் நிலைத்தது. 2022 செப்டம்பரில் அந்தச் சாலைக்குக் கடமைப் பாதை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் குளிர் மாறவில்லை.

அன்றைய நாள் இப்படிப் போகும். அதிகாலை நான்கு, நான்கரைக்கு எழுந்திருக்க வேண்டும். மெட்ரோ அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே, சில ஆண்டுகளில் மூன்று மணிக்கே, ஓடத் தொடங்கிவிடும். மத்தியச் செயலகம், உத்யோக் பவன் ஆகிய நிலையங்களில் எங்கே இறங்க வேண்டும், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பது உங்கள் டிக்கெட்டிலேயே இருக்கும். அதை முந்தைய இரவே படித்துவையுங்கள். டாக்சியில் வருகிறேன் என்றால் வெகுதூரத்திலேயே இறக்கிவிட்டு விடுவார்கள். பிறகு நடை, சோதனை, மறுபடி நடை, மறுபடி சோதனை. எட்டு மணிக்குள் இருக்கையில் உட்கார்ந்துவிடுவது நல்லது. அணிவகுப்பு தொடங்குவது 10.30 மணிக்கு. நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. பை கொண்டு போக முடியாது. தின்பண்டம் கூடாது. குடை, லைட்டர், வாசனைத் தெளிப்பான் எதுவும் கூடாது. டிக்கெட் எடுக்கும்போது எந்த அடையாள அட்டையைக் காட்டினீர்களோ அதன் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும். என் சித்தி ஒரு டப்பாவில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு போனார். வாசலில் அதை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. இட்லி போன வருத்தம் பெரிதில்லை, அந்த எவர்சில்வர் டப்பாவைப் பற்றி இன்றும் பேச்சு வரும்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது என்ன? தேசிய கீதம் 52 வினாடி ஒலிக்கும். 21 முழக்கங்களும் அந்தக் கீதத்தோடு இணைந்தே நடக்கும். 2023 முதல் பழைய பிரிட்டிஷ் காலப் பீரங்கிகளுக்குப் பதில் இந்தியாவில் செய்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள். அந்த முழக்கம் தொலைக்காட்சியில் காதில் விழும். இங்கே நெஞ்சில் விழும். குடியரசுத் தலைவர் குதிரைப்படை மெய்க்காவலர் சூழ வருவதும், 2024 முதல் பழைய சாரட்டு வண்டி மறுபடி அணிவகுப்புக்கு வந்திருப்பதும் கண்கொள்ளாக் காட்சி. 1984க்குப் பிறகு பாதுகாப்புக் காரணத்தால் நாற்பது ஆண்டு அணிவகுப்புக்கு வராமல் இருந்த வண்டி அது.

இருக்கை விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். குடியரசுத் தலைவர் அமரும் மேடைக்கு எதிரே நடக்கும் சாகசங்களும் நடனங்களும் மேடையில் இருப்பவர்களுக்காகவே நடப்பவை. 20 ரூபாய் இருக்கையிலிருந்து அணிகள் கடந்து போவதைத்தான் பார்க்கலாம். நின்று நிகழ்த்துவதைப் பார்ப்பது கடினம். 2025இல் 5,000 கலைஞர்களைப் பாதை நெடுகப் பரப்பி ஆடவைத்தது இந்தக் குறையைப் போக்கத்தான். 2026இல் இருக்கை அடைப்புகளுக்கு நதிகளின் பெயர் வைத்தார்கள். காவிரி, வைகை, பெண்ணாறு எல்லாம் பட்டியலில் இருந்தன. மதுரைக்காரர் ஒருவர் வைகை அடைப்பில் இடம் கேட்டுப் பார்த்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டு அலங்கார ஊர்தியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்றால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இடம் கிடைப்பதில்லை. பதினைந்து, பதினேழு மாநிலங்கள் அளவில்தான் வரும். 2022இல் வேலு நாச்சியார், வ.உ.சி., பாரதியார் உருவங்களோடு தயாரான நம் ஊர்தி டெல்லியில் ஏற்கப்படாமல் சென்னையில் ஓடியது. 2024இல் உத்திரமேரூர் குடவோலை முறையைச் சித்தரித்த ஊர்தி வந்து, நடுவர் குழுவின் மூன்றாம் பரிசையும் வாங்கியது. மறு ஆண்டு நமக்கு இடமில்லை.

விமானங்கள்? பனி இறங்கினால் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணாந்து பார்த்த கழுத்துவலி மிச்சம்.

யாருக்கு ஏற்றது: சடங்குதான் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு, ராணுவத்தில் பணியாற்றியவர்கள், பணியாற்றுகிறவர்களின் குடும்பங்களுக்கு, தேசிய மாணவர் படையில் பிள்ளை அணிவகுக்கிறான், அவனைத் தூரத்திலாவது பார்க்க வேண்டும் என்று வரும் பெற்றோருக்கு. பத்து வயதுக்கு மேற்பட்ட, ஓரிடத்தில் உட்காரக்கூடிய பிள்ளைகளை அழைத்து வரலாம். அதற்குக் கீழே வேண்டாம் என்பேன்.

மறைந்திருக்கும் செலவு: தெர்மல் உள்ளாடை, காதை மூடும் குல்லாய், கையுறை. சென்னையில் இவை சுலபமாகக் கிடைக்காது. டெல்லியில் அவசரத்துக்கு வாங்கினால் விலை இரட்டிப்பு. அன்று பிற்பகல் வரை மத்திய டெல்லியில் கடைகள் பெரும்பாலும் திறக்காது என்பதால் சாப்பாட்டுக்குத் தொலைவு போக வேண்டும். மொத்தத்தில் ஒரு நாள் முழுவதும் இதற்கே போய்விடும்.

## ஜனவரி 23: முழு ஒத்திகை

பெயரில் ஒத்திகை என்று இருப்பதால் பலர் இதை மதிப்பதில்லை. அணிகள் முழுச் சீருடையில் வரும், டாங்கும் ஏவுகணை வண்டியும் வரும், ஊர்திகள் வரும், குழந்தைகளின் நடனம் உண்டு. கடமைப் பாதை தொடங்கும் விஜய் சௌக்கிலிருந்து செங்கோட்டை வரை அதே பாதை. இல்லாதது குடியரசுத் தலைவரும் வெளிநாட்டு விருந்தினரும் விருது வழங்கலும்தான். அனுமதிச் சீட்டு இதற்கும் வேண்டும். ஆனால் சீட்டுக்கான போட்டி 26ஐப் போல இருப்பதில்லை.

என் அனுபவத்தில் ஒத்திகை நாளில் வாசலில் நிற்கும் காவலர்கள்கூடச் சற்று இளகியிருப்பார்கள். கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ராணுவக் குடும்பங்களும் அதிகம். அணிவகுத்துப் போகும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தங்கையை நான் ஒத்திகையில்தான் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. ஆனால் காது சிவந்தது தெரிந்தது. மதராஸ் ரெஜிமென்ட் அணி வருகிற ஆண்டாக இருந்தால், கூட்டத்தில் எங்காவது ஒரு மூலையிலிருந்து தமிழில் ஒரு குரல் நிச்சயம் எழும்.

இதன் குறை, அன்று பெரும்பாலும் வேலைநாள் என்பது. சாலைகளை மூடும்போது நகரம் முழுவதும் ஸ்தம்பித்துவிடும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்துக் குதுப்மினாருக்குப் போகலாம் என்று போடும் கணக்கெல்லாம் அன்று பலிக்காது. மெட்ரோவை மட்டும் நம்புங்கள். பனியும் குளிரும் 26ஐவிட ஒரு பங்கு கூடவே இருக்கலாம்.

யாருக்கு ஏற்றது: காட்சிதான் வேண்டும், சடங்கு இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு. 26 டிக்கெட் கிடைக்குமா என்று தெரியாமல் ரயில் ஏறியவர்களுக்கு இதுவே காப்பீடு. என்னைக் கேட்டால், முதல்முறை வருகிறவர்கள் 23ஐ நேரிலும் 26ஐத் தொலைக்காட்சியிலும் பார்ப்பதுதான் இரண்டையும் உருப்படியாகப் பார்க்கும் வழி.

## சாலையோரம் நிற்பது

டிக்கெட்டே வேண்டாம். அணிவகுப்பு இந்தியா கேட்டைச் சுற்றித் திலக் மார்க், பகதூர் ஷா ஜஃபர் மார்க், தரியாகஞ்ச் வழியாகச் செங்கோட்டை போகிறது. மொத்தம் எட்டு கிலோமீட்டருக்கு மேல். பின்பாதியில் சாலையோரம் நின்று பார்க்கும் வழக்கம் பழைய டெல்லிக்காரர்களுக்கு உண்டு. ஆனால் எங்கே நிற்க விடுவார்கள் என்பது அந்தந்த ஆண்டின் பாதுகாப்பைப் பொறுத்தது. டெல்லியில் வீடும் அக்கம்பக்கத்து விவரமும் இருப்பவர்களுக்கு இது சரி. ஆயிரம் மைல் கடந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

## ஜனவரி 28, 29: பாசறை திரும்பும் நிகழ்ச்சி

பழங்காலத்தில் பொழுது சாய்ந்ததும் கொம்பு ஊதுவார்கள். போரிட்டவர்கள் ஆயுதத்தை இறக்கிவைத்துவிட்டுப் பாசறைக்குத் திரும்புவார்கள். அந்த மரபின் நினைவாக நடப்பது இது. ஜனவரி 29 மாலை, விஜய் சௌக்கில், முப்படைகளின் இசைக்குழுக்களும் துணை ராணுவப் படைகளின் குழுக்களும் சேர்ந்து வாசிக்கும். குடியரசு தின விழா இதோடு முடியும். டிக்கெட் 29க்கு 100 ரூபாய், 28 ஒத்திகைக்கு 20 ரூபாய்.

இதைப் பற்றி நான் சற்று ஓரவஞ்சனையோடுதான் எழுதுவேன். டெல்லியில் நான் பார்த்த அரசு விழாக்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். டாங்கு இல்லை, ஏவுகணை இல்லை. ரைசினா குன்றின் சிவந்த கற்கட்டடங்கள் பின்னணி. வடக்கு, தெற்கு பிளாக்குகள் என்னும் செயலகக் கட்டடங்களின் மதில்மேல் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் அலங்காரத்தோடு வரிசையாக நிற்கும். முழு நிகழ்ச்சியும் அவை அசையாமல் நிற்பதைப் பார்த்து, முதல்முறை வந்த என் மைத்துனன் அவற்றைச் சிலை என்றே நினைத்துவிட்டான். ஒன்று தலையைத் திருப்பியபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கொம்பு ஊதக் கொடிகள் இறங்கும். கடைசியில் 'சாரே ஜஹான் சே அச்சா' வாசித்தபடி எல்லாக் குழுக்களும் குன்றேறிப் போகும். மறுகணம் குடியரசுத் தலைவர் மாளிகையும் இரண்டு பிளாக்குகளும் ஒரே நேரத்தில் விளக்குகளால் ஒளிரும். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'ஆ' என்னும். ஒத்திகையிலும் இதே 'ஆ'தான்.

உடலுக்கும் இது எளிது. விடியற்காலை எழ வேண்டாம். மதிய வெயில் காய்ந்துகொண்டே போகலாம். இருட்டியதும் குளிர் சட்டென்று இறங்கும் என்பதால் குல்லாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 26 அன்று எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாதோ, இங்கும் அதையே கொண்டு போகாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடம் சிறியது, இருக்கைகள் குறைவு. 29க்கான டிக்கெட் மிக வேகமாகத் தீரும். இசையில் நாட்டமில்லாத குழந்தைகள் இருபது நிமிடத்தில் நெளியத் தொடங்கிவிடும். மழை வந்தால் நிகழ்ச்சி சுருங்கும்.

யாருக்கு ஏற்றது: முதியவர்கள், இசை பிடித்தவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள். 28, 29 இரண்டில் எது என்றால், தயங்காமல் 28. இசை அதேதான், விலை ஐந்தில் ஒரு பங்கு.

## பாரத் பர்வ்

ஜனவரி 26 முதல் 31 வரை செங்கோட்டை முன்புள்ள புல்வெளியில் சுற்றுலா அமைச்சகம் நடத்துவது. நுழைவு இலவசம். 26 காலை கடமைப் பாதையில் ஓடிய அதே அலங்கார ஊர்திகள் இங்கே வரிசையாக நிற்கும். அணிவகுப்பில் ஓர் ஊர்தி உங்களைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இங்கே சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், எதிரே நின்று படம் எடுக்கலாம், தெர்மோகோல் எங்கே முடிந்து மரம் எங்கே தொடங்குகிறது என்றுகூட ஆராயலாம். மாநில உணவுக் கடைகள், கைவினைப் பொருள்கள், கிராமியக் கலை எல்லாம் உண்டு. வெகு நாளாக இங்கே வாழ்கிற எனக்கே நாகாலாந்துச் சாப்பாடு முதலில் கிடைத்தது இங்கேதான்.

லால் கிலா மெட்ரோவில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. மாலையில் கூட்டம் நெரியும். சின்னக் குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள் வார நாள் பிற்பகலில் வந்துவிடுவது நல்லது. கோட்டையின் உள்ளே போகலாம் என்று நினைத்து வராதீர்கள். குடியரசு தினத்தையொட்டிய நாள்களில் அது பெரும்பாலும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும்.

## வீட்டிலிருந்தே, அல்லது சென்னையிலேயே

அணிவகுப்பை நேரில் பார்ப்பவர்களைவிடத் தூர்தர்ஷன் நேரலையில் பார்ப்பவர்களுக்கே அது முழுமையாகத் தெரிகிறது. தேசியப் போர் நினைவிடத்தில் பிரதமர் மலர்வளையம் வைப்பதையும், அசோக சக்கர விருது வாங்க வரும் வீரரின் தாய் முகத்தையும் இருக்கையில் இருப்பவர்களால் திரையில்தான் பார்க்க முடியும். வீட்டில் இருப்பவர்கள் கையில் சூடான காபியோடு அதையே பார்க்கிறார்கள்.

சென்னையும் ஒரு தலைநகரம்தானே. மெரினாவில் காமராஜர் சாலையில் ஆளுநர் கொடியேற்ற, காலை எட்டு மணிக்கு அணிவகுப்பு நடக்கிறது. மெட்ரோ பணி காரணமாகக் காந்தி சிலை அருகிலிருந்து உழைப்பாளர் சிலை அருகே மாற்றினார்கள். மாநிலத் துறைகளின் ஊர்திகள், காவல் துறை அணி, கடற்காற்று. பனி இல்லை, ஸ்வெட்டர் இல்லை, பயணம் இல்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முதல் குடியரசு தின அணிவகுப்பு இதுவாக இருக்கட்டும். குழந்தை அதை ரசித்தால் சில ஆண்டு கழித்து டெல்லி.

ஆகஸ்ட் 15க்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். அது வேறு மாதிரி விழா. செங்கோட்டையில் கொடியேற்றமும் பிரதமரின் உரையும். அணிவகுப்பை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். டெல்லி ஆகஸ்டின் புழுக்கத்தையும் திடீர் மழையையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | 26 அணிவகுப்பு | 23 ஒத்திகை | 28 / 29 பாசறை திரும்புதல் | பாரத் பர்வ் | வீடு / சென்னை |
|---|---|---|---|---|---|
| கிடைப்பது | சடங்கும் காட்சியும் | காட்சி | இசை, விளக்கொளி | ஊர்திகள், சாப்பாடு | எல்லாமே, திரையில்; சென்னையில் சிறிய அளவில் நேரிலும் |
| டிக்கெட் | 20 / 100 ரூபாய். போட்டி அதிகம் | அனுமதிச் சீட்டு. போட்டி குறைவு | 20 / 100 ரூபாய். இருக்கை குறைவு | வேண்டாம் | திரைக்கு வேண்டாம் |
| எழுந்திருக்கும் நேரம் | அதிகாலை 4 | அதிகாலை 4.30 | உங்கள் விருப்பம் | உங்கள் விருப்பம் | சென்னை என்றால் 6 |
| பெரிய தொல்லை | குளிரில் காத்திருப்பு | வேலைநாள் நெரிசல் | 29க்கு டிக்கெட் கிடைப்பது | மாலைக் கூட்டம் | பீரங்கி அதிர்வு இல்லை |
| முழங்கால் வலி உள்ளவர்கள் | வேண்டாம் | யோசிக்கவும் | தாராளமாக | தாராளமாக | தாராளமாக |

## வந்த இடத்தில் வேறு என்ன

27க்கு முன் மத்திய டெல்லியை மறந்துவிடுங்கள். இந்தியா கேட்டுப் பக்கம் தடுப்புகளும் மேடைகளும்தான் இருக்கும். தெற்கே குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என்று வைத்துக்கொள்ளலாம். மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால் சுற்றிலும் தமிழ்க் குரல்கள்தான் கேட்கும்.

விழா முடிந்து தடுப்புகளை எடுத்ததும் முதலில் போக வேண்டிய இடம் தேசியப் போர் நினைவிடம். 2019இல் திறந்தது. 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை வட்ட வட்டமான சுவர்களில் கருங்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சக்கர வியூகத்தை ஒத்த அந்த வடிவத்தைப் போட்டியில் வென்று அமைத்தது சென்னையைச் சேர்ந்த 'வீபி டிசைன் லேப்' என்ற கட்டடக் கலை நிறுவனம். நிதானமாக நடந்தால் நமக்குப் பழக்கமான பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டம் பொதுமக்களுக்குத் திறப்பது பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்தில். விடுப்பு இருந்தால் பயணத்தை நான்கு நாள் தள்ளிவைத்துக் கொள்ளுங்கள். 28, பாரத் பர்வ், பிறகு தோட்டம் என்று ஒரே சுற்றில் முடியும்.

இந்த வரிசையைத்தான் கும்பகோணத்து அத்தைக்கும் சொன்னேன். எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. 27 காலை வந்து இறங்குங்கள், 28 மாலை விஜய் சௌக், 30 செங்கோட்டை, 31 மலை மந்திர், பிப்ரவரியில் அம்ரித் உத்யான் என்று நாள்வாரியாக எழுதி அனுப்பினேன். அத்தை முழுவதையும் படித்தார். "எல்லாம் சரிதான். ஆனால் கொடியேறும்போது நான் ரயிலில் உட்கார்ந்திருப்பேனே" என்றார். 24ஆம் தேதி வந்து சேரும்படி டிக்கெட் எடுத்துவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, ஜனவரியில் தினமும் காலை 9 மணிக்கு இணையதளத்தைத் திறந்து உட்காருவது. கூடவே ஒரு பழைய எவர்சில்வர் டப்பா வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார், போனாலும் பாதகமில்லாத மாதிரி.